காரமும் மரமும் கலந்த தோல் வாசனைத் திரவியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிளகு, ஏலக்காய், கிராம்பு ஆகியவற்றின் காரமும், மரங்களின் உலர்ந்த மணமும், பதனிட்ட தோலின் வாடையும் ஒன்றாகச் சேர்ந்த வாசனைத் திரவியங்களைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் ஒரே விதமான சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் பெரும்பாலும் ஹெர்மெஸ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'பெல் அமி'யைச் சொல்கிறேன். 1837இல் பாரிஸில் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது. தவிர ஏலக்காய், பச்சௌலி (மணமுள்ள ஒரு செடியின் இலை), வெட்டிவேர், தோல் ஆகிய நான்கும் அந்த ஒரே புட்டியில் இருக்கின்றன.

தோல் வாசனைன்னு போட்டிருக்கே, உண்மையிலேயே தோல்ல இருந்துதான் எடுக்கறாங்களா?

இல்லை. ரோஜாவிலிருந்தும் வெட்டிவேரிலிருந்தும் எண்ணெய் வடிப்பதுபோலத் தோலிலிருந்து வடிக்கும் வழக்கம் இல்லை. 'தோல்' என்று வாசனைத் தொழிலில் சொல்லப்படுவது, பல பொருள்களைக் கூட்டி மூக்குக்கு உண்டாக்கும் ஒரு தோற்றம். அவற்றில் மூத்தது பிர்ச் மரப்பட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டு இறக்கும் தார். ரஷ்யாவில் பதனிட்ட தோலுக்கு இந்தத் தார் எண்ணெயை ஊட்டுவார்கள். தோல் மழைக்கும் பூச்சிக்கும் தாக்குப்பிடிக்கும். அதனால் ஐரோப்பியர்கள் 'ரஷ்யத் தோல்' மணம் என்று விரும்பியது பெரும்பாலும் தாரின் மணத்தைத்தான். மாஸ்கோவில் பிறந்த எர்னஸ்ட் போ என்ற வல்லுநர் 1920களில் ஷனெல் நிறுவனத்துக்காக அதே பெயரில் ஒரு திரவியம் செய்தார்.

இரண்டாவது, ஐசோபியூட்டைல் குயினோலின் என்ற செயற்கைப் பொருள். கசப்பும், மண்ணில் புதைந்த வேரின் பச்சை வாடையும், பழைய தோல் பையின் உட்புறமும் கலந்த மணம் இதற்கு. ஜெர்மேன் செலியே 1944இல் உருவாக்கிய 'பாண்டி' இதைத் துணிந்து அள்ளிப் போட்ட திரவியமாகப் பேசப்படுகிறது. இவற்றோடு லாப்டனம், ஸ்டைராக்ஸ் போன்ற பிசின்கள் சேரும். அண்மைக் காலத்தில் மென்மையான, குங்குமப்பூச் சாயலுள்ள செயற்கைப் பொருள்களும் வந்துவிட்டன. டாம் ஃபோர்டின் 'டஸ்கன் லெதர்' (2007) அந்த வழியில் வந்தது. தார் வழி வந்தவை புகையும். குங்குமப்பூ வழி வந்தவை புகைவதில்லை. வாங்குவதற்கு முன் இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே பாதி ஏமாற்றம் தவிரும்.

வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பஸ் போனா மூக்கைப் பொத்திக்கிறோம். அந்த நாத்தத்தையா காசு கொடுத்து வாங்கறாங்க?

பதனிடும் ஆலைகளின் அருகில் வீசுவது பச்சைத் தோல் அழுகும் வாடையும், மயிர் நீக்கப் பயன்படும் சுண்ணாம்பு, சல்ஃபைடு ஆகியவற்றின் வாடையும், கழிவுநீரின் வாடையும். முழுதாகப் பதனிட்டு, எண்ணெய் ஊட்டி, உலர்த்திய தோலின் மணம் வேறு. அதிலும் குரோம் உப்பால் பதனிட்ட தோலைவிடத் தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலுக்கே நிறைந்த மணம் உண்டு. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பிய 'ஈஸ்ட் இந்தியா' தோல் அந்த வகையைச் சேர்ந்தது. பழைய கைத்தொழில் செருப்பையோ தவில் வாரையோ முகர்ந்தவர்களுக்கு அந்தத் துவர்ப்பான, மரப்பட்டை போன்ற மணம் நினைவிருக்கும்.

நாற்றத்துக்கும் நறுமணத்துக்கும் உள்ள இந்த நெருக்கம் புதிதல்ல. பிரான்சின் தென்பகுதியிலுள்ள கிராஸ் நகரம் வாசனைத் தொழிலுக்குப் பெயர்பெறும் முன்பு தோல் பதனிடும் ஊராகத்தான் இருந்தது. தோல் கையுறைகளின் வாடையை மறைக்க அவற்றுக்கு மணமூட்டத் தொடங்கினார்கள். கையுறைக்காரர்களே வாசனைக்காரர்களும் ஆனார்கள். 1614இல் பிரெஞ்சு அரசர் பதின்மூன்றாம் லூயி அவர்களுக்கு அந்த இரட்டைப் பட்டத்தைப் பயன்படுத்தும் உரிமையை வழங்கினார். தோலின் வாடையை மறைக்கப் பிறந்த தொழில் பிற்பாடு தோலின் மணத்தையே செய்து விற்கத் தொடங்கியது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

மசாலா, மரம், தோல் மூணையும் ஏன் ஒண்ணா சேர்க்கணும்? தோல் மட்டும் போதாதா?

தோல் மணத்தைத் தனியே முகர்ந்தால் தட்டையாகவும் கடுமையாகவும் இருக்கும். அது எழுந்து வருவதும் மெதுவாகத்தான். ஏலக்காய், மிளகு, கொத்தமல்லி விதை ஆகியவை விரைவில் ஆவியாகி முதல் சில நிமிடங்களுக்கு உயிரூட்டுகின்றன. கிராம்பும் பட்டையும் அவற்றைவிடக் கனமானவை என்பதால் நடுப்பகுதியில் நின்று, மேலே உள்ள காரத்தையும் கீழே உள்ள கசப்பையும் இணைக்கின்றன. பச்சௌலி, வெட்டிவேர், சீடர் மரம், சந்தனம் போன்றவை தோல் மணம் உட்காரும் தளம்.

தோலுக்கும் மரத்துக்கும் இயல்பான உறவும் உண்டு. பிர்ச் தார் மரப்பட்டையிலிருந்து வருகிறது; தாவரப் பதனிடுதலுக்கும் மரப்பட்டைதான் தேவை. ஆகவே இந்தக் கூட்டணி வாசனைக்காரர்களின் கற்பனையில் மட்டும் தோன்றியதில்லை.

அடிச்ச உடனே ஆஸ்பத்திரி வாசனை, தைலம் வாசனை வருது. கடைசி வரைக்கும் இப்படியே இருக்குமா?

இருக்காது. என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான்; இந்த வகைத் திரவியத்தைப் பலர் கைவிடுவதும் இந்த இடத்தில்தான். தைலம் போலத் தோன்றுவதற்குக் காரணம் ஏலக்காய். அதிலுள்ள சினியோல் என்ற பொருளே யூகலிப்டஸ் தைலத்திலும் முதன்மையாக இருக்கிறது. பல் மருத்துவமனை நினைவுக்கு வந்தால் அது கிராம்பிலுள்ள யூஜெனால்; பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல் அடைக்கும் கலவையில் அதே யூஜெனால் உண்டு. கிருமிநாசினி போன்ற நெடி தாரிலுள்ள பீனால் வகைப் பொருள்களுடையது. இவற்றின் மேல் எரிசாராயத்தின் ஆவியும் சேர்ந்து முதல் சில நிமிடங்களை ஒரு கலவரமாக்கிவிடுகிறது. தெளித்த ஐந்து நிமிடத்துக்குள் மணிக்கட்டை மூக்கோடு ஒட்டிவைத்து முகர்வதைத் தவிர்த்தால் இந்தக் கலவரத்தில் பாதியைத் தவிர்க்கலாம்.

சுமார் இருபது நிமிடங்களில் எலுமிச்சை வகை மணங்களும் ஏலக்காயும் மிளகும் அடங்கத் தொடங்கும். அதற்குப் பின் வரும் ஒன்றரை இரண்டு மணி நேரம்தான் இந்த வகையின் கடினமான பகுதி: குயினோலினின் கசப்பும், கிராம்பின் உலர்ந்த காரமும், தாரின் புகையும் துணையின்றித் தெரியும். பெல் அமியில் இந்தக் கட்டத்தைச் சற்று மென்மையாக்கியிருக்கிறார்கள். க்னீஷ் என்ற வியன்னா தையல் நிறுவனம் 1920களில் வெளியிட்ட 'க்னீஷ் டென்' இதை மறைக்கவே முயல்வதில்லை, பெட்ரோல் பங்கும் புதிய ரப்பரும் போலத்தான் மணக்கும்.

மூன்றாவது மணி நேரம் முதல் காட்சி மாறும். புகையின் முனைகள் மழுங்க, பச்சௌலியின் ஈரமண் மணமும், வெட்டிவேரின் குளிர்ந்த வேர்மணமும், சீடரின் பென்சில் சீவல் மணமும் மேலே வரும். முதலில் தனித்தனியாகத் தெரிந்த மசாலாக்கள் இப்போது எது எதுவென்று பிரிக்க முடியாத ஒரு வெதுவெதுப்பாகிவிடும். ஐந்தாறு மணி நேரம் கழிந்தபின் லாப்டனம், சாம்பிராணி, வனிலா, செயற்கைக் கஸ்தூரி ஆகியவற்றின் இனிப்போடு, பலநாள் உடுத்திப் பழகிய தோல் சட்டையின் உட்புறம் போன்ற ஒரு மணம் சருமத்தோடு ஒட்டி நிற்கும். இந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் தோல் வாசனையை வாங்குகிறோம் என்பது என் கருத்து. முதல் அரை மணி நேரத்தை வைத்து இந்த வகையை மதிப்பிடுவது வீண் வேலை.

எத்தனை மணி நேரம் நிக்கும்? இன்டர்நெட்ல பன்னிரண்டு மணி நேரம்னு போடறாங்களே.

நிற்பது, வீசுவது என்று இரண்டு உண்டு; இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் குழப்பம். தோல் வகைத் திரவியம் அருகிலிருப்பவருக்குத் தெரியும்படி வீசுவது பெரும்பாலும் முதல் இரண்டு முதல் நான்கு மணி நேரம். சருமத்தில் மூக்கை வைத்தால் தெரியும் அளவில் நிற்பது எட்டு மணி நேரத்தையும் தாண்டலாம். மேலே சொன்ன குயினோலின், பிசின்கள், பச்சௌலி, தாரின் கனமான பகுதிகள் யாவும் மெல்ல ஆவியாகும் பொருள்கள். காகித அட்டையில் அவை பல நாள் தங்கும்.

தார் ஊட்டிய தோலே எவ்வளவு காலம் மணக்கும் என்பதற்கு ஒரு வியத்தகு சான்று இருக்கிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஜெனோவாவுக்கு ரஷ்யத் தோல் ஏற்றிச் சென்ற 'மெட்டா கதரீனா' என்ற கப்பல் 1786 டிசம்பரில் இங்கிலாந்தின் பிளிமத் அருகே மூழ்கியது. 1973இல் முக்குளிப்போர் அதைக் கண்டுபிடித்தபோது, சேற்றில் புதைந்திருந்த கலைமான் (ரெயின்டீர்) தோல்கள் கெடாமல், மணமும் போகாமல் கிடைத்தன. அவற்றிலிருந்து காலணிகளும் பைகளும் செய்யப்பட்டன. உங்கள் சட்டைக் காலரில் இரண்டு நாள் நிற்பதில் வியக்க ஒன்றுமில்லை.

எனக்கு ஒரு மணி நேரத்துல வாசனையே தெரியல. ஆனா ஆபீஸ்ல பக்கத்துல இருக்கறவங்க "ரொம்ப அடிச்சிருக்கீங்க"ங்கறாங்க. யாரை நம்பறது?

அவர்களை நம்புங்கள். மாறாமல் இருக்கும் மணத்தை மூக்கு சிறிது நேரத்தில் புறக்கணிக்கத் தொடங்கிவிடும். புதிதாக வண்ணம் அடித்த வீட்டில் குடியிருப்பவருக்குத் தெரியாத வாடை வாசலில் நுழையும் விருந்தாளிக்குத் தெரிவதைப் போல. கழுத்திலும் மார்பிலும் தெளித்துக்கொண்டால் ஆவி நேராக மூக்குக்கே வருவதால் இந்த மரத்துப்போதல் விரைவாக ஏற்படும்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய மரமணத் திரவியங்களில் தாராளமாகச் சேர்க்கப்படும் சில செயற்கை மரமணப் பொருள்களையும், சில கஸ்தூரி வகைகளையும் எல்லா மூக்காலும் ஒரே அளவில் உணர முடிவதில்லை. சிலருக்கு அவை அறவே தெரிவதில்லை. உங்களுக்கு வெறுமையாகத் தோன்றும் கட்டத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு முழு மணமும் வந்துகொண்டிருக்கலாம். மணம் போய்விட்டது என்று எண்ணி மதியம் மறுபடி தெளிப்பதற்கு முன் வேறொருவரிடம் கேட்பது அலுவலக அமைதிக்கு நல்லது.

கடையில அட்டையில அடிச்சுக் காட்டினப்ப பிரமாதமா இருந்தது. வீட்டுக்கு வந்து கையில போட்டா வேற மாதிரி இருக்கே?

காகிதத்துக்கு உடற்சூடு இல்லை, எண்ணெய்ப்பசை இல்லை, வியர்வை இல்லை. அதனால் அட்டையில் ஒவ்வொரு கட்டமும் நீண்டு, மேல் மணங்கள் அதிக நேரம் அழகாகத் தெரியும். கடையில் நாம் செலவிடுவது பத்து நிமிடம்; அந்தப் பத்து நிமிடத்தில் தெரிவது மேலே விவரித்த முதல் கட்டம் மட்டுமே. அதற்குள் மற்ற ஏழெட்டு புட்டிகளின் ஆவியும் சேர்ந்து மூக்கு களைத்துப் போயிருக்கும்.

கடைக்குப் போகும் நாளில் வேறு எதுவும் பூசாமல் போய், ஒரே ஒரு திரவியத்தை முன்கையில் தெளித்துக்கொண்டு, வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். நான்காவது மணி நேரத்திலும் பிடித்திருந்தால் மறுநாள் போய் வாங்கலாம். விற்பனையாளர் இன்றைக்கு மட்டும் தள்ளுபடி என்று சொல்வார். அநேகமாக நாளைக்கும் சொல்வார்.

நம்ம ஊர் வெயிலுக்கு இது சரிப்படுமா? குளிர் நாட்டுக்காரங்க போடறதுன்னு சொல்றாங்களே.

வெப்பம் கூடினால் ஆவியாதலும் கூடும். சென்னையின் மே மாதப் பகலில் மேல் மணங்கள் சில நிமிடங்களில் பறந்துபோக, அடியிலுள்ள கனமான பொருள்கள் ஒரே நேரத்தில் கிளம்பிவிடும். மூன்றாவது மணி நேரத்துக்குரிய மணம் முதல் மணி நேரத்திலேயே, அதுவும் உரத்து வரும். காற்றில் ஈரப்பதமும் சேர்ந்தால் இனிப்பான பிசின்கள் பிசுபிசுவென்று திகட்டும். வனிலா மிகுந்த தோல் திரவியங்கள் கடற்கரை ஊர்களில் எரிச்சலூட்டுவது இதனால்தான்.

ஆனால் இந்த வகை முழுவதையும் தள்ள வேண்டியதில்லை. வெட்டிவேர், சீடர், ஏலக்காய் மிகுந்து இனிப்புக் குறைந்தவை வெயிலிலும் ஓரளவு நிற்கின்றன. இரவு நிகழ்ச்சிகளுக்கும், குளிரூட்டப்பட்ட அலுவலகத்துக்கும், மார்கழி தை மாதங்களுக்கும், கொடைக்கானல் உதகைப் பயணங்களுக்கும் புகைமிகுந்தவற்றை வைத்துக்கொள்ளலாம். பகல் வெயிலில் இருசக்கர வாகனத்தில் போகிறவருக்குத் தார் வகையை நான் பரிந்துரைப்பதில்லை.

எங்க அடிக்கணும், எத்தனை தடவை? மணிக்கட்டுல அடிச்சு தேய்க்கலாமா?

ஒரு அழுத்தலில் ஏறத்தாழ 0.1 மில்லி வெளிவரும். எலுமிச்சை வகைத் திரவியத்துக்கு ஐந்தாறு அழுத்தல் போடும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். தோல் வகைக்கு இரண்டு போதும், வெயில் காலத்தில் ஒன்றே மிகுதி. கழுத்தைவிட முழங்கை உட்புறமோ, சட்டைக்குள் வயிற்றுப் பகுதியோ நல்லது; மூக்கு மரத்துப்போவது குறையும், மணமும் மெல்ல எழும்.

தேய்த்தால் மூலக்கூறுகள் உடைந்துவிடும் என்பது கட்டுக்கதை. தேய்ப்பதால் சூடு ஏறி மேல் மணங்கள் சற்று விரைவாகப் போகும், அவ்வளவுதான். சருமம் வறண்டிருந்தால் மணம் சீக்கிரம் மறையும். மணமற்ற ஈரப்பசைக் களிம்பை முன்னதாகப் பூசிக்கொண்டால் கொஞ்சம் நீடிக்கும். தேங்காய் எண்ணெய் அதே வேலையைச் செய்யும் என்றாலும் அதன் சொந்த மணம் தாரோடு சேர்ந்தால் நன்றாக இருப்பதில்லை.

சட்டை மேல அடிச்சா நாள் முழுக்க இருக்கும்னு சொல்றாங்க. செய்யலாமா?

நாள் முழுக்க இருக்கும் என்பது உண்மை. துவைத்த பிறகும் இருக்கலாம் என்பதே சிக்கல். துணியில் உடற்சூடு குறைவு என்பதால் மணம் காகித அட்டையில் போலவே மெதுவாக நகரும். தோல் திரவியங்கள் பெரும்பாலும் மஞ்சள் முதல் பழுப்பு வரை நிறமுள்ளவை என்பதால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பட்டு ஆகியவற்றில் கறை படியும். அடர்நிறப் பருத்தித் துணியின் உட்புறத்தில் தெளிக்கலாம். உண்மையான தோல் பை, இடைவார் ஆகியவற்றின் மேல் தெளிக்க வேண்டாம். எரிசாராயம் அவற்றின் மேற்பூச்சைக் கெடுக்கும்.

ஓ த டாய்லெட், ஓ த பர்ஃப்யூம்னு ரெண்டு இருக்கு. விலை கூட உள்ளதுதான் அதிக நேரம் நிக்குமா?

பொதுவாக முதல் வகையில் வாசனைப் பொருள் 5 முதல் 15 விழுக்காடும், இரண்டாவதில் 15 முதல் 20 விழுக்காடும் இருக்கும் என்பார்கள். இவை வழக்கத்தால் வந்த அளவுகள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே பெயரில் வரும் இரண்டு செறிவுகள் பல நேரங்களில் வெவ்வேறு கலவைகளாகவே இருக்கும். தோல் வகையில் அடிப்பகுதி ஏற்கெனவே கனமானது என்பதால் குறைந்த செறிவே பல மணி நேரம் தாங்கும். செறிவு கூடும்போது மசாலாவின் துள்ளல் அமுங்கிப் பிசின் முன்னுக்கு வருவதுண்டு. காரத்துக்காக வாங்குகிறவருக்கு விலை குறைந்த முதல் வகையே பொருத்தமாக இருக்கலாம்.

இது ஆம்பளைங்க சென்ட்தானே? நான் போட்டா தப்பா?

தவறே இல்லை. புகழ்பெற்ற பழைய தோல் திரவியங்கள் பலவும் பெண்களுக்காகவே செய்யப்பட்டவை: எர்னஸ்ட் டால்ட்ராஃப் காரோன் நிறுவனத்துக்காக 1919இல் செய்த 'டபா ப்ளோன்', மேலே சொன்ன ஷனெல் திரவியம், 'பாண்டி', 1959இல் வந்த 'கபோஷார்' ஆகிய யாவும். கடைகள் ஆண்கள் அடுக்கில் வைப்பது பிற்கால வழக்கம். கூந்தலில் மல்லிகை வைத்திருக்கும்போது போட்டுப் பாருங்கள். மல்லிகையில் இயல்பாகவே இந்தோல் என்ற பொருளின் விலங்குச் சாயல் சிறிது உண்டு. அது தோல் மணத்தோடு நன்றாகவே இணங்கும்.

நாங்க சைவம். இதுல மிருகப் பொருள் ஏதாவது இருக்குமா?

தோல் இல்லை என்பதை முதல் கேள்வியிலேயே சொன்னேன். ஆனால் பழைய கலவைகளில் காஸ்டோரியம் இருந்தது. அது பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் சுரப்பிப் பையிலிருந்து எடுக்கப்படுவது. தோல் மணத்துக்கு ஆழம் தரும் பொருள் என்று அதைக் கொண்டாடினார்கள். புனுகும் கஸ்தூரியும் அப்படியே. இப்போது பெரும்பாலும் இவற்றுக்குச் செயற்கை மாற்றுகளே பயன்படுகின்றன. கஸ்தூரி மான் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் (1972) கீழ்க் கடுமையாகக் காக்கப்படும் விலங்கு. புட்டியின் மேலுள்ள பட்டியலில் 'பர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுவதால், உறுதி வேண்டுவோர் விலங்குப் பொருள் அற்றது என்று வெளிப்படையாக அறிவித்துள்ள நிறுவனங்களை நாடலாம். அரும்பொருளாக விற்கப்படும் பழங்காலப் புட்டிகளைத் தவிர்த்துவிடுவது நல்லது.

ஆல்கஹால் வேண்டாம். அத்தர்ல இந்த மாதிரி வாசனை கிடைக்குமா?

மிக அருகில் வரக்கூடியது உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் செய்யப்படும் ஷமாமா. பல மூலிகைகளையும் மசாலாக்களையும் செப்புக் கலத்தில் ஏற்றி, சந்தன எண்ணெயில் வடித்து இறக்கும் கூட்டு அத்தர் அது. காரமும் மரமும் நிறைந்திருக்கும்; தார்ப் புகை இருக்காது. அத்தரைத் தோல் குப்பியில் ஊற்றிவைத்து, அதிலுள்ள நீர்ப்பசை தோலின் வழியே வெளியேறும்படி பதப்படுத்துவது அங்கே பழைய வழக்கம். ஆகவே அத்தருக்கும் தோலுக்கும் உறவே இல்லை என்று சொல்ல முடியாது.

அத்தரில் எரிசாராயம் இல்லாததால் முதல் கட்டத்தின் கலவரம் இருக்காது, வீச்சும் குறைவு. காதுமடலின் பின்னால் ஒரு தொடுதல் போதும். இப்போது சந்தன எண்ணெயின் விலை காரணமாகப் பல கடைகளில் வேறு கரைப்பான்களில் செய்ததே கிடைக்கிறது என்பதை நினைவில் வைத்து விலை பேசுங்கள்.

அப்பா வச்சிருந்த பழைய பாட்டில்ல இருந்த வாசனை, அதே பேர்ல இப்ப வாங்கினதுல இல்லையே. ஏமாத்தறாங்களா?

கலவை மாறியிருக்கும். சுத்திகரிக்காத பிர்ச் தாரில் புற்றுநோய் ஆபத்துள்ள சேர்மங்கள் இருப்பதால், அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும், சுத்திகரித்ததை மட்டும் வரம்புக்குள் சேர்க்கலாம் என்றும் சர்வதேச வாசனைப்பொருள் சங்கமான இஃப்ரா விதி வைத்துள்ளது. ஓக் மரப்பாசியில் ஒவ்வாமை தரும் அட்ரனால், குளோரோஅட்ரனால் ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடைசெய்தது. தோல் திரவியங்களின் இருண்ட அடித்தளம் தாராலும் பாசியாலும் ஆனது என்பதால், இந்த மாற்றங்கள் மற்ற வகைகளைவிட இந்த வகையை அதிகம் தாக்கின.

வேறுபாடு முதல் அரை மணியில் அதிகம் தெரியாது; மசாலாக்கள் ஏறத்தாழ அப்படியே இருக்கும். நான்காவது மணி நேரத்தில்தான் புதியது மெலிந்து, சுத்தமாக, சிலருக்குச் சப்பென்று தோன்றும். இதோடு, பழைய புட்டியே காலப்போக்கில் மாறியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

பாட்டில் எத்தனை வருஷம் வச்சுக்கலாம்? என்னோடது நிறம் கறுத்துப்போச்சு.

நிறம் கறுப்பது மட்டும் கெட்டதற்கு அடையாளமில்லை. வனிலாவிலுள்ள வனிலின் காலப்போக்கில் திரவத்தைப் பழுப்பாக்கும். முதலில் கெடுவது மேல் மணங்கள். எலுமிச்சை வகையிலுள்ள லிமோனீன் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறும்போது, தெளித்தவுடன் வார்னிஷ் போன்ற புளித்த நெடி வரும். அடிப்பகுதி அதற்குப் பின்னும் நீண்ட காலம் நன்றாகவே இருக்கும். பத்து நிமிடம் பொறுத்தபின் மணம் சரியாகிவிட்டால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வெப்பம், வெளிச்சம், காற்று ஆகிய மூன்றும்தான் எதிரிகள். அட்டைப்பெட்டியோடு அலமாரிக்குள் வைப்பது போதுமானது. குளியலறையும், வெயிலில் நிற்கும் காரின் முன்பெட்டியும் ஆகவே ஆகாது.

கழுத்துல அடிச்ச இடத்துல அரிப்பு வருது. எந்தப் பொருளால இருக்கும்?

மசாலா மிகுந்த திரவியங்களில் முதலில் ஐயப்பட வேண்டியவை கிராம்பின் யூஜெனாலும் பட்டையின் சின்னமால்டிஹைடும். இவை இரண்டும் ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் புட்டியின் மேல் குறிப்பிட வேண்டும் என்று விதித்த 26 ஒவ்வாமைப் பொருள்களில் அடங்கும். பழைய புட்டியாக இருந்தால், மாற்றமடைந்த லிமோனீனும் காரணமாகலாம். பயன்படுத்துவதை நிறுத்திவிட்டுத் தோல்நோய் மருத்துவரைப் பாருங்கள். பட்டியலில் உள்ள பெயர்களைக் குறித்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை எளிதாகும்.

அதே வாசனை பத்துல ஒரு பங்கு விலைக்குக் கிடைக்குது. வாங்கலாமா?

ஒரு திரவியத்தில் என்னென்ன இருக்கிறது என்பதை வாயு நிறப்பகுப்பு என்ற ஆய்வின் வழியாகப் பெருமளவு கண்டறிய முடியும் என்பதால், போலச் செய்வது இன்று கடினமில்லை. முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே ஒத்துப்போகும். பச்சௌலி, வெட்டிவேர், லாப்டனம் போன்ற இயற்கைப் பொருள்கள் பற்பல சேர்மங்களின் கூட்டு. அவற்றின் தரத்துக்கேற்ப விலை பெரிதும் வேறுபடும். செலவைக் குறைக்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் கைவைப்பார்கள். ஆகவே மாற்றுச் சரக்கு மூன்றாவது மணி நேரத்துக்குப் பின் ஒரே ஒரு செயற்கை மரமணமாகச் சுருங்கிப்போவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். சில விதிவிலக்குகளும் உண்டு. அசலை ஒரு கையிலும் மாற்றை இன்னொரு கையிலும் தெளித்து, நான்கு மணி நேரம் கழித்து, எது எந்தக் கை என்று தெரியாத ஒருவரை முகரச் சொல்லுங்கள். அவருக்கு வேறுபாடு தெரியாவிட்டால் மலிவானதையே வாங்கலாம். பிராண்டின் பெயரையும் பெட்டியையும் அப்படியே அச்சடித்து அசல் என்று விற்கும் கள்ளச் சரக்கு வேறு விஷயம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் பொறுப்பேற்பதில்லை.

ரெண்டு மாசமா தினமும் இதையேதான் போடறேன். இப்ப முன்ன மாதிரி இல்ல. பாட்டில் கெட்டுப்போச்சா, மூக்கு கெட்டுப்போச்சா?

இரண்டு மாதத்தில், அலமாரியில் வைத்த புட்டி கெட்டுப்போக வாய்ப்பு மிகக் குறைவு. மேலே சொன்ன மரத்துப்போதல் ஒரே நாளில் நடப்பதோடு நிற்பதில்லை. நாள்தோறும் ஒரே மணத்தில் இருப்பவருக்கு அது வாரக்கணக்கிலும் படிகிறது. பருவம் மாறியிருந்தாலும் மணம் மாறித் தெரியும். பிப்ரவரியில் வாங்கியவருக்கு ஏப்ரலில் காரம் குறைந்து பிசின் கூடியதாகத் தோன்றுவது வெயிலின் வேலை. பத்துப் பதினைந்து நாள் அதைத் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு ஒரு காகித அட்டையில் தெளித்து, இருபது நிமிடம் கழித்து முகருங்கள். ஏலக்காயும் மிளகும் தெரிந்தால் புட்டியில் குறை ஒன்றுமில்லை.